குங்குமம் வைத்த கவர்

என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி ராணுவத்தில் ஹவில்தார். போன லீவு முடிந்து கிளம்பும்போது என் கையில் ஒரு காக்கிக் கவரைத் திணித்தார். "வல்லி, அவசரம்னா யார்கிட்ட பேசணும், என்ன செய்யணும், எல்லாம் இதுல இருக்கு. ஒரு தடவை பிரிச்சுப் படிச்சிரு. ஏதாவது மாறுனா அவங்களுக்கும் சொல்லிரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "கிளம்புற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினேன். அவர் ரயில் ஏறியதும் கவரை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி, அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தேன். பிரித்தால்தானே கெட்டது வெளியே வரும் என்று ஒரு கணக்கு. நான் பி.காம். படித்தவள்.

எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது. நடுவில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் எவனோ என் போனை அடித்துவிட்டான். பழைய நம்பருக்காக அலையப் பொறுமையில்லாமல் புது நம்பர் வாங்கி, அவருக்கு மட்டும் சொன்னேன்.

பிறகு எல்லையில் பதற்றம் என்று டிவியில் அலறினார்கள். அவர் இருப்பது அந்தப் பக்கம்தான். தினமும் பேசுகிறவர் செவ்வாய்க்கிழமை பேசவில்லை. புதனும் இல்லை, வியாழனும் இல்லை. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். வெள்ளிக்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் பாண்டி பஜார் கடையில், பட்டுப்புடவை கேட்ட அம்மாவுக்கு பெட்ஷீட்டை விரித்துக் காட்டினேன். முதலாளியே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கே.கே. நகர் வீட்டில் நாத்தனார் சரண்யா காத்திருந்தாள்.

"மதினி, அந்தக் கவர்ல ஏதாவது நம்பர் இருக்கும். பிரிங்க."

"வெள்ளிக்கிழமை அதுவுமாவா? மாட்டேன்."

"குங்குமம் வச்சுக் கும்பிடவா அண்ணன் குடுத்துட்டுப் போனான்?"

கவரைப் பிரித்தால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் இன்னொரு நாள் இப்படித் தாங்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கிழித்தேன்.

மேல் தாளில் அவருடைய கோணல் கையெழுத்து. "மூணு நாள் போன் வரலேன்னா பயப்படாதே. சில நேரம் எங்க போனையெல்லாம் வாங்கி வச்சிருவாங்க. கீழே இருக்கிற நம்பருக்குப் பேசி, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லு. எனக்குச் சேதி வந்துரும்."

நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது முறை எடுத்தவர் லாரன்ஸ். அவர்களுடைய படைப்பிரிவில் குடும்பங்களோடு பேசும் வேலை அவருக்கு, பட்டினப்பாக்கத்துக்காரர். என் பெயரைச் சொன்னதும் கத்தியேவிட்டார்.

"இன்னாக்கா, மூணு நாளா எங்க போய்ட்டீங்க? எல்லா வூட்லேர்ந்தும் பேசிட்டாங்க. உங்க நம்பர் மட்டும் போகவே மாட்டேங்குது!"

"அவரு..."

"சாருக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லா கீறாரு. உங்களுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சின்னு பித்து புடிச்சா மாதிரி சுத்திக்கினு கீறாரு."

அவர்களிடம் இருந்தது என் பழைய நம்பர். புது நம்பர் அவருடைய போனில் மட்டும்தான். அந்தப் போனோ எங்கோ பூட்டிக் கிடக்கிறது. மனுஷனுக்கு மனப்பாடமும் இல்லை. நான் அவருக்காகச் செத்துப் பிழைத்த மூன்று நாளும் அவர் எனக்காகச் செத்துப் பிழைத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். என்னைத் தேற்ற வந்த சரண்யா என்னைவிடச் சத்தமாக அழுதாள். அவ்வளவு நிம்மதி.

அரை மணியில் லாரன்ஸ் திரும்பக் கூப்பிட்டார்.

"சார்கிட்ட சொல்லிட்டேன்கா. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கினு இருந்தாரு. அப்பால, 'அவ சாப்பிட்டாளான்னு கேளு'ன்னாரு."

"இல்ல தம்பி."

"அவரும் துன்னலியாம். போங்கக்கா, மொதல்ல போய் சாப்டுங்க" என்று அதட்டிவிட்டு லாரன்ஸ் போனை வைத்தார்.