முப்பதை அறுபதால் பெருக்கினால்

ஆலையில் எல்லோரும் அவளை ‘அறுபது’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது என்னவோ நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் வந்த காரணம் அவளுக்கும் அவளுடைய தோழிக்கும் மட்டும்தான் தெரியும்.

பீங்கான் தட்டுகளை உலர்த்தும் அறையில் ஆளுயர மின்விசிறி ஒன்று உண்டு. நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதன் வேகத்தைக் குறிக்கும் திரையோ ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை சுற்று என்று கேட்கும். அறுபதால் வகுத்து இருபது என்று போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பதற்றத்தில் நூறால் வகுத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டாள். சரியாகக் காயாத தட்டுகள் சூளையில் வெடித்துப் போயின. தோழிதான் முந்திக்கொண்டு, விசிறியில் கோளாறு என்று சொல்லி அவளைக் காப்பாற்றினாள்.

“யானைக்கே அடி சறுக்குது, நீ எம்மாத்திரம்? இனிமே உன் பேரு அறுபது. மறக்கவே மாட்டே.”

அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் யாரோ தோளில் கை போட்டது போலிருக்கும் அவளுக்கு.

போன திங்கட்கிழமை தோழி அவசரமாகப் பையைத் தூக்கினாள். “சின்னவளுக்குக் காய்ச்சலாம், ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் என் எடத்துல உக்காருடி. எல்லாம் போட்டாச்சு, எதையும் தொடாதே.”

அவள் தொடவில்லை. திரையில் முப்பது என்று இருந்தது. பார்த்தாள், கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தன் கையைவிடத் தோழியின் கையைத்தான் அவள் நம்பிப் பழகியிருந்தாள். சற்று நேரத்தில் விசிறியின் இறக்கை முறிந்து பறந்து, இரண்டு அடுக்குத் தட்டுகளைத் தூளாக்கியது. ஆள் யாரும் குறுக்கே போகாதது யார் செய்த புண்ணியமோ.

மறுநாள் இருவரையும் நிற்க வைத்து, முப்பது போட்டது யார் என்று மேலாளர் கேட்டபோது அவள், தோழியே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். தோழியும் சொன்னாள்.

“நான் இருபதுலதான் வச்சிட்டுப் போனேன் சார். இவதான் ஏதோ மாத்தியிருப்பா. இவளுக்கு இந்தக் கணக்கு அன்னிக்கிலேர்ந்தே வராது. அறுபதுன்னு பேரு எப்படி வந்துச்சுன்னு நெனக்கிறீங்க?”

பிறகு அந்தப் பழைய கதையை ஒன்று விடாமல் சொன்னாள். மேலாளர் சிரித்தேவிட்டார். கூட இருந்தே குழி பறிப்பவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டதுண்டு. வைத்த பெயரையே மண்வெட்டியாக்கிப் பறிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. “நான் தொடவே இல்ல சார்” என்றாள். அந்தக் கதைக்குப் பிறகு அதை யார் நம்புவார்கள்? நாளையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை, சம்பளமும் குறைவு.

ஆனாலும் ஓர் ஆசை மிச்சமிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பதற்றத்தில் தோழிக்கும் கணக்குத் தப்பியிருக்கலாம் அல்லவா?

“அறுபது, நில்லுடி.” படிக்கட்டில் தோழியின் குரல். பழக்கம் விடுமா, திரும்பிவிட்டாள்.

“முப்பது போட்டா நிமிஷத்துக்கு எவ்வளவு சுத்தும்?”

“ஆயிரத்து எண்ணூறு.” தோழி யோசிக்கவேயில்லை. “சரக்கு நேரத்துக்கு முடிஞ்சிடும்னு சொன்னாத்தான் மேனேஜர் என்னை அனுப்புவாரு. வேகத்தைக் கூட்டினா சீக்கிரம் காஞ்சிடும்னு பாத்தேன்.”

“அது தாங்காட்டி?”

தோழி அவள் தோளில் கை போட வந்தாள்.

“அதுக்குத்தான் என்னை உக்கார வச்சியா? கணக்கு தப்பியிருந்தா, யானைக்கே அடி சறுக்கும்னு நானும் சொல்லியிருப்பேன்டி.”

அவள் இறங்கினாள். பின்னால் இன்னொரு முறை ‘அறுபது’ என்று கேட்டது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.