பீரேஜ் ஊறிய கிணறுகள்

ஒபடையா கிரிம்ஷா பிரபுவான அன்று பார்ஸ்லோ ஊர்க் கிணறுகளில் தண்ணீர் நின்று பீர் ஊறத் தொடங்கியது. பிரபுக்கள் சபையில் இடம்பெற்றவரை எங்கள் இங்கிலாந்தில் பீர் என்பார்கள். கிரிம்ஷா காய்ச்சி விற்றதும் பீர்; முதல் எழுத்தின் ஒலியில்தான் நூலளவு வித்தியாசம். சாராய முதலாளிகள் தேர்தலில் கட்சிக்கு வாரி இறைத்துவிட்டு வரிசையாகப் பட்டம் வாங்கியதால், பிரபுக் குலத்தைக் குறிக்கும் பியரேஜ் என்ற சொல்லைத் திரித்து அந்தக் கூட்டத்துக்கே பீரேஜ் என்று பெயர் வைத்து ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. சேதியைக் கூவிச் சென்றவருக்கு அன்று கடும் ஜலதோஷம். "நம்ம கிரிம்ஷா ஐயா இனிமே பீர்!" என்று அவர் மூக்கடைப்போடு கத்தியதைக் கிணறுகள் தப்பாக எடுத்துக்கொண்டன.

ஆண்கள் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள். துவைத்த துணி புளித்து நாறியது. பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரும் எல்லை தாண்டியதும் நுரைத்தது. பீப்பாய் செய்பவரின் மனைவி கெசையா மட்டும்தான் தண்ணீருக்காக அலைந்தாள். அவளுடைய முதல் பிள்ளை ஞானஸ்நானம் பெறாமல் இறந்ததால், கோயில் மணிகூட அடிக்காமல் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே புதைத்திருந்தார்கள். இப்போது குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானத்துக்கோ தண்ணீர்தான் வேண்டும்; அந்த நிலையில் வெளியூர் தூக்கிப்போக வழியில்லை.

"ஏண்டி, சும்மா கெடைக்கிறதுக்கும் அழுற மொத ஆளு நீதான்டி!" என்று கிணற்றடியில் கேலி செய்தார்கள்.

கிரிம்ஷாவிடம் போனாள். "ஊருக்கே பெருமைம்மா, இதுல நான் என்ன பண்றது?" என்றார். ஊரின் நாடாளுமன்ற உறுப்பினரோ அவருடைய மருமகன். பேராயருக்கு எழுதினாள். அவரும் அதே பிரபுக்கள் சபையில்தான் உட்கார்ந்திருந்தார். பீரிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே என்று பதில் வந்தது. யாரிடம்தான் போய் முட்டிக்கொள்வது? எனக்கே இன்றுவரை ஆறவில்லை.

குழந்தையின் உதடு நீலம் பாய்ந்த அன்று கெசையா கோயிலுக்கு ஓடினாள்.

"ஊத்துங்கய்யா. எந்த எழவா இருந்தாலும் ஊத்துங்க!"

பாதிரியார் டில்னி தொட்டியில் மிதந்த நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். மறுநாள் குழந்தை இறந்தது. மணி அடித்தது. சுவருக்கு உள்ளே புதைத்தார்கள்.

வீடு திரும்பிய கெசையா கிணற்றில் ஒரு வாளி பீர் இறைத்து முகம் கழுவினாள். மீதியைக் கஞ்சிக்கு உலை வைத்தாள்.