முதலில் என்ன செய்வீர்கள்?

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், டாக்டர்கூட. குழாய் ஒழுகினாலும் அக்கா, வந்தவர் சண்டை போட்டாலும் அக்கா. வீட்டிலும் அதே கதைதான்.

ஒருநாள் நாத்தனார் போனில் சொன்னாள். "அண்ணி, திட்ட மேலாண்மைக்குத் தொடக்க நிலை சான்றிதழ் ஒண்ணு இருக்கு. முன் அனுபவமே வேண்டாமாம். சின்னதா ஒரு வகுப்பு, அப்புறம் பரீட்சை. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

சேர்ந்தாள். வகுப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாதிரித் தேர்வுகள்தான் காலை வாரின. சாயங்காலம் அவள் சமைக்க, பஸ் ஓட்டுநரான கணவர் அடுப்படி வாசலில் நின்று போனைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தார்.

"குழுவுல ஒருத்தர் சொன்ன வேலையை முடிக்கலை. முதல்ல என்ன செய்வீங்க?"

"நானே உக்காந்து முடிச்சிடுவேன்."

"தப்பு. ஏன் முடியலைன்னு அவர்கிட்ட கேக்கணுமாம். அடுத்தது. கடைசி நேரத்துல இன்னொண்ணையும் சேர்க்கச் சொல்றாங்க."

"சேர்த்துடுவேன். வேற வழி?"

"அதுவும் தப்பு. எத்தனை நாள் கூடும்னு முதல்ல சொல்லணும்." அவர் சிரித்துவிட்டார். "அனுபவம் வேண்டாம்னு சும்மாவா போட்டிருக்கான்? உனக்கு அது ஜாஸ்தி, அதான் தகராறு."

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ பதினெட்டு வருஷமா இந்த வீட்ல நான் செஞ்சதெல்லாம் தப்பான விடையா?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ செஞ்சது தப்பில்ல. நாங்க ஏன் செய்யலைன்னு நீ கேக்கவே இல்ல."

"கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

"தெரியல," என்றார். பொய் சொல்லாததே பெரிது என்று அவளுக்குப் பட்டது. அன்று பாத்திரங்களை அவர் தேய்த்தார், அரைகுறையாக. அவள் திரும்பத் தேய்க்கவில்லை. அதற்குத்தான் பெரும்பாடு பட்டாள்.

பரீட்சை அறையில் ஒவ்வொரு கேள்விக்கும் கை 'நானே செய்வேன்' என்ற விடைப்பக்கமே ஓடியது. இழுத்து இழுத்துப் பிடித்தாள். 'தேர்ச்சி' என்று திரையில் வந்தபோது, கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் கை குலுக்கினார். "ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் புதுக் கட்டடத்துக்கு மாறுறோம். எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கோங்க அக்கா."

'சரி டாக்டர்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். "என்னிக்குள்ள முடியணும் டாக்டர்? யார் யார் என்கூட வேலை செய்வாங்க? இந்த மேசையை அதுவரைக்கும் யார் பாத்துப்பாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "உக்காருங்க, பேசுவோம்," என்றார்.

உதவிக்கு இரண்டு ஆட்கள் கிடைத்தார்கள், ஒரு தேதியும் கிடைத்தது. ஆனால் மாறும் நாளன்று பெரிய சிகிச்சை நாற்காலி புதுக் கட்டடத்தின் கதவுக்குள் நுழையவில்லை. அகலத்தை யாருமே அளக்கவில்லை.

"என்ன அக்கா இது?" என்றார் டாக்டர்.

"அளக்கச் சொல்லாதது என் தப்பு டாக்டர். தச்சர் நாளைக்குக் காலையில வர்றார். இரண்டு நாள் தள்ளிப்போகும். நோயாளிகளுக்குச் சொல்லியாச்சு."

மணி ஆறு. மற்ற இருவரும் கைப்பையை எடுத்தார்கள். நாற்காலியை நடைவழியிலேயே விட்டுவிட்டு, அவளும் அவர்களோடு கிளம்பினாள்.