முறுக்கிக்கொண்ட மஃப்ளர்

எங்கள் நூலகப் பின்னல் கூட்டத்தில் என்னைக் கண்டால் பாதிப் பேர் பின்னலைப் பைக்குள் ஒளித்துவிடுவார்கள். தப்பாகப் பின்னிக்கொண்டு வந்து, "பரவாயில்லை வெர்னா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று இளித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எனக்குத் தெரியுதே! பிரி" என்பேன். பிரிக்க வைத்த பிறகுதான் காபியையே தொடுவேன்.

அப்படிப்பட்ட நான், ஆர்லிஸின் மஃப்ளரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்லிஸ் என் சிநேகிதி. மேப்பிள் இலை உதிரும் சமயத்தில் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால் மகளுக்காக அவள் ஆரம்பித்தது இது. சாம்பலும் கடுகு மஞ்சளும் மாறி மாறி வரும், தொட்டால் மணிமணியாக மேடு தட்டும், தலைவழியே மாட்டிக்கொள்கிற வளைய மஃப்ளர். "ஏரி உறையறதுக்குள்ள நீயே முடிச்சுக் குடுத்துடு" என்று என்னிடம் கொடுத்திருந்தாள்.

சில வரிசை பின்னிய பிறகுதான் கவனித்தேன். வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. முதல் கண்ணிகளை, அதாவது நூல் சுருக்குகளை, நடுவில் வளைகிற வடம் வைத்த வட்ட ஊசியில் ஏற்றி, இரண்டு முனையையும் சேர்க்கும்போது எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சுற்றுப் பிசகினால் போச்சு. அடியோடு பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆர்லிஸ் இந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை போலிருக்கிறது, பாவம்.

எனக்குப் பிரிக்க மனம் வரவில்லை. அந்தக் கை போட்ட கடைசிக் கண்ணிகள் அவை. பிரித்தால் வெறும் நூல்தானே மிஞ்சும்?

வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், மஃப்ளர் இருந்த பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு பனியைப் பற்றி ஏதோ உளறினேன்.

"ஏன்டி திருடின மாதிரி நிக்கறே? குடு இங்க."

இடது கையால் வாங்கி மேசைமேல் பரப்பினாள். விரல் விளிம்போடு ஊர்ந்து போய், முறுக்கு விழுந்த இடத்தில் நின்றது.

"முறுக்கிக்கிட்டிருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். இப்பல்லாம் இதுவும் ஃபேஷன்தான்" என்றேன்.

"யாரு, வெர்னாவா பேசறது? இதையே சொன்னதுக்குத்தானே நம்ம பின்னல் கூட்டத்து ஜோலீனை அழ விட்டே!"

"அது ஜோலீன். இது..." மஃப்ளரின் ஓரத்தைத் தடவினேன். "இது நீ போட்ட கண்ணிடி. இனிமே..."

"இனிமே போட மாட்டேன், தெரியும். அதுக்காக என் பொண்ணு கோணலா ஒண்ணை மாட்டிக்கிட்டுத் திரியணுமா? பின்னத்தான் ரெண்டு கை வேணும். பிரிக்க ஒண்ணு போதும்."

ஊசியை உருவிப் போட்டுவிட்டு நூலைப் பிடித்து இழுத்தாள். கண்ணிகள் பொலபொலவென்று விட்டுக்கொண்டு வந்தன. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு நிறத்தையும் இரண்டு பந்தாகச் சுற்றினேன். அவளோ சிரித்தாள்.

"அப்பாடா! ஒரு வேலை செஞ்சு எத்தனை நாளாச்சு!"

அங்கேயே புதிதாகக் கண்ணிகளை ஏற்றினேன். முனைகளைச் சேர்க்க வேண்டிய நேரம் வந்ததும் ஊசியை அவள் பக்கம் நகர்த்தினேன். ஆர்லிஸ் ஊசியை மேசைமேல் வளைத்து வைத்து, இடது விரலால் கண்ணிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு, விழுந்த வலது கையை இடது கையால் தூக்கி அந்த வளையத்தின் மேல் பாரமாக வைத்தாள்.

"இனி நகராது. ம், சேருடி."

சேர்த்தேன். முறுக்கவில்லை.