சர்தேனுக்கு வந்த பங்குனி ஆமை

1953ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, ஒரு கடலாமை காரைக்கால் கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் நடந்து வந்து, ஊருக்கு நடுவிலிருந்த சர்க்கார் தோட்டத்துக்குள் நுழைந்து, குரோட்டன்ஸ் பாத்தியில் நூற்றுப் பதினேழு முட்டையிட்டது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் இனம். கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டி அதற்காக ஒதுங்கியது. போலீஸ்காரர் ஒருவர் சைக்கிள்காரர்களைக் கைகாட்டி நிறுத்தி, அது போனபிறகு விட்டார். முட்டைகளை மண்ணால் மூடிவிட்டு ஆமை வந்த வழியே திரும்பிக் கடலுக்குப் போனது. அன்று ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அந்தத் தோட்டத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரை ஊர் வாய் சர்தேன் என்று ஆக்கியிருந்தது. உள்ளே ஒரு குளம், குளத்தைச் சுற்றித் தூங்குமூஞ்சி மரங்கள், மரங்களில் நாரையும் நீர்க்காகமும், கம்பிக்குள் மூன்று மான்கள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஊர் அங்கேதான் இருக்கும். மேற்பார்வைக்குக் கோவிந்தராசு என்று ஒருவர். முட்டை விழ விழ எண்ணியவர் அவர்தான். கூட்டிப் பெருக்கவும் தீனி போடவும் அஞ்சுகம் இருந்தாள். கோட்டுச்சேரிமேட்டுக்காரி. முந்தின கார்த்திகைப் புயலில் அவள் புருஷன் சிங்காரவேலு கட்டுமரத்தோடு போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காமலே காரியம் செய்தார்கள். பொட்டையும் தாலியையும் எடுத்த பத்தாம் நாள் கோவிந்தராசு அவளுக்கு இந்த வேலையும், தோட்டத்துக் கேட்டுக்கு அருகே ஓர் அறையும் கொடுத்தார்.

புயல் வயலையும் வலையையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்த வருடம் அது. நூற்றுப் பதினேழு முட்டை என்றால் பல வீட்டுக்கு ஒருவேளைச் சாப்பாடு. இரண்டு பேர் பகலிலேயே கூடையோடு வந்தார்கள். அஞ்சுகம் பாத்தியைச் சுற்றி மூங்கில் பிளாச்சு அடித்து, அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். எதிர் வீட்டு ஜொஹரா அவளுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஜொஹராவின் புருஷன் நாகூர் மீரான் சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்தார். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. மாதம் தவறாமல் கடிதம் வரும். புருஷன் இல்லாத வீட்டுக்காரியும் புருஷன் தூரத்திலிருக்கிற வீட்டுக்காரியும் அந்த நாற்பத்தெட்டு நாளில் சிநேகிதிகளானார்கள்.

சித்திரை இரண்டாம் நாள் காலையில் குஞ்சுகள் வெளியே வந்தன. கேட்டைத் தாண்டியதும் எண்பத்து நான்கு குஞ்சுகள் கிழக்கே திரும்பிக் கடலைப் பார்க்கப் போயின. மீதி முப்பத்து மூன்றும் ஊருக்குள் திரும்பின. அவை புயலில் ஆள் போன வீடுகளைத் தேடிப்போயின. ஒரு வீட்டுக்கு ஒன்று, இரண்டு பேர் போன வீட்டுக்கு இரண்டு. உள்ளே போய், போனவர் எங்கே தலைவைத்துப் படுப்பாரோ அந்த இடத்தில் நின்றன. வீட்டார் அழுது, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும், திரும்பிக் கடலுக்குப் போயின. திருவேட்டக்குடிக்குப் போனவை சாயங்காலம் சேர்ந்தன. பூவத்துக்குப் போன ஒன்று மூன்று நாள் எடுத்துக்கொண்டது. மேரி என்கிற நகராட்சி ஆபீஸின் சுவரில் ஒட்டியிருந்த, புயலில் போனவர்கள் பட்டியலிலும் முப்பத்து மூன்று பெயர். கணக்கு சரியாக இருந்ததால் ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அஞ்சுகம் மட்டும் காலையிலிருந்து சொம்பில் தண்ணீரோடு தன் வாசலில் நின்றாள். முப்பத்திரண்டு அவளைக் கடந்து போயின. கடைசிக் குஞ்சு உச்சிப்பொழுதில் வந்தது. அதுவும் அவள் வாசலில் திரும்பாமல் நேரே போனது. அவள் அதை எடுத்துத் தன் அறைக்குள் சிங்காரவேலுவின் சட்டை மேல் விட்டாள். அது சட்டையை விட்டு இறங்கி வெளியே வந்தது. மறுபடி எடுத்துவிட்டாள். மறுபடி வந்தது. மூன்றாம் தரமும் வெளியே வந்தபோது பின்னாலேயே நடந்தாள். அது தெருவைக் கடந்து ஜொஹரா வீட்டுப் படியில் ஏறியது.

ஜொஹரா வாசலில்தான் நின்றாள்.

"வழி தவறி வந்திருக்கும்க்கா. இருங்க, நான் கடல்ல விட்டுட்டு வரேன்" என்றாள் அஞ்சுகம்.

"மூணு தரம் உள்ள கொண்டுபோய் வச்சே. மூணு தரமும் வெளிய வந்துச்சு. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு வழி தெரியுது புள்ள."

குஞ்சு கூடத்துக்குள் போய், மீரான் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிப்போட்ட கட்டிலின் தலைமாட்டில் நின்றது. ஜொஹரா அழவில்லை. அஞ்சுகத்தின் கையிலிருந்த சொம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அஞ்சுகத்தைப் பார்த்து, "அப்ப ஒன் வூட்டுக்காரரு உசுரோட இருக்காரு" என்றாள். அஞ்சுகத்துக்கு அது சந்தோஷப்பட வேண்டிய செய்தியா என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு மாதம் சைகோனிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. தான் சௌக்கியம் என்றும், ரமலானுக்குள் எப்படியும் வந்துவிடுவதாகவும் மீரான் எழுதியிருந்தார். கப்பல் தபால் மெதுவாகத்தான் வரும். புருஷன் செத்ததற்காக வீட்டுக்குள் ஒதுங்கி இத்தா இருக்க வேண்டும் என்று ஜொஹரா சொன்னபோது பள்ளிவாசல் ஆலிம்சா, "ஆமை சாட்சி ஷரீஅத்துல செல்லாதும்மா, கடுதாசி வேற வருதே" என்றார். கோட்டுச்சேரிமேட்டுப் பஞ்சாயத்தில் அஞ்சுகம் விஷயம் வந்தபோது ஊர்த்தலைவரான நாட்டார், "ஆமை வரலேங்கிறதுக்காகக் காரியம் பண்ணுனவனை உசுரோட எழுப்ப முடியுமா?" என்று கேட்டார். ஜொஹரா யாரையும் கேட்காமல் வெள்ளைத்துணி கட்டி உள்ளறையில் உட்கார்ந்தாள். வந்த கடிதங்களையும் வாசித்தாள். ஆடியில் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மீரான் வடக்கே ஹைபோங்குக்குச் சரக்கேற்றிப்போன கப்பல் மாசி முதல் வாரம் மூழ்கியது என்று அதில் இருந்தது.

புரட்டாசியில் தலைமன்னாரிலிருந்து வந்த ஒரு தோணிக்காரர், அங்கே சிங்காரவேலுவைக் கண்டதாகச் சொன்னார். வேறொரு குடும்பத்தோடு கரைவலை இழுக்கிறானாம். கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லையாம். தோட்டத்துக்கு வந்து அரைமணி நேரம் மான்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். அஞ்சுகம், "ஒடம்பு நல்லாருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பொட்டு வைத்துக்கொண்டு மான்களுக்குத் தழை போட்டாள். கோவிந்தராசு பார்த்தார்.

1954 ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், தோட்டத்தில் கூட்டம் கூடுகிறது என்று அடுத்த மாசியில் கேட்டைப் பூட்டச் சொன்னார். வருடாவருடம் வரும் ஆமை பூட்டிய கேட்டின் முன்னால் இரண்டு நாள் நின்றது. நாகப்பட்டினம் பஸ் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கோவிந்தராசு தன் பொறுப்பில் பூட்டைத் திறந்துவிட்டு, சாவியை அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அதிகாரி சாவியைத் திருப்பிக் கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க" என்றார். அவருடைய தம்பியும் கப்பலில்தான் வேலை பார்த்தான்.

ஆனால் அந்த வருடச் சித்திரையில் ஊர் வேறுமாதிரி இருந்தது. சைகோனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருக்கிற வீடெல்லாம் குஞ்சு வெளிவரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டது. சிலர் வாசற்படிக்குக் குறுக்கே செங்கல் அடுக்கினார்கள். ஊருக்குள் வந்தவை ஒன்பது. அவற்றில் நாலுக்குக் கதவு திறக்கவில்லை. அவை படியிலேயே நின்றன. வெயில் ஏறியதும் காய்ந்து, ஓடு மட்டும் மிஞ்சியது. ஜொஹரா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். புளியங்கொட்டைக் கனம்கூட இல்லை.

"அவங்க திறக்கலேன்னா இது என்ன பண்ணும்? இது சாகணுமா?" என்றாள்.

அடுத்த வருடத்திலிருந்து ஜொஹராவும் அஞ்சுகமும் ஈரச் சாக்கு விரித்த ஓலைக்கூடையோடு தெருத்தெருவாகப் போனார்கள். சாத்திய கதவின் முன்னால் நின்ற குஞ்சை எடுத்து, தண்ணீர் தெளித்து, கடலில் கொண்டுபோய் விட்டார்கள். எந்த வீட்டு வாசலில் எடுத்தார்கள் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கோவிந்தராசு கேட்டபோதும் சொல்லவில்லை. முதல் வருடம் ஆறு, அடுத்த வருடம் எட்டு. இப்படி ஊரில் யாருக்கும் தெரியாத சாவுகள் அந்த இரண்டு பெண்களுக்குத் தெரிந்தன. ஜொஹரா மெலிந்துபோனாள். அஞ்சுகத்துக்குத் தெருவில் நடக்கும்போது சில வாசல்களைப் பார்க்க முடியாமல் போனது. "ஒரு வீட்டுலயாவது சொல்லிப்புடலாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "நான் சாத்தியிருந்தா எனக்கு இன்னும் மூணு மாசம் கெடச்சிருக்கும்" என்றாள் ஜொஹரா.

1958இல் அப்படி எடுத்தவை ஐந்து. ஒன்று திருவேட்டக்குடி காசியம்மா வீட்டு வாசலில் இருந்தது. காசியம்மா மீன் விற்றுத் திரும்பும் வழியில் தினமும் தோட்டத்துக்கு வந்து, கால் ஒடிந்து அங்கே கிடந்த கூழைக்கடாவுக்கு மிச்ச மத்தியைப் போட்டுவிட்டுப் போவாள். அவள் மகன் ஐயனார் பினாங்குக் கப்பலில் இருந்தான். இருவரும் அந்தக் குஞ்சைக் கடலில் விட்டுவிட்டு வந்த மறுநாளும் காசியம்மா வந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஆவணியில வரேன்னு எழுதியிருக்கான். வந்ததும் கல்யாணத்த முடிச்சுப்புடணும். பொண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்றாள்.

அஞ்சுகம் குளத்தைப் பார்த்தாள்.

"எந்த ஊருப் பொண்ணு?" என்று ஜொஹரா கேட்டாள்.

"பூவம். நல்ல செவப்பு. நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்."

"வராம இருப்போமா" என்றாள் ஜொஹரா. நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள். காசியம்மா உட்கார்ந்து பெண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டம் சாத்தும் மூன்றாவது மணியடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்று விடாமல் கேட்டார்கள்.