ஃபெரியில் உட்கார்ந்த சிவப்புக் கார்

“பொண்ணு பாக்கப் போறதுக்குக் கார் வாங்குறியா, இல்ல காருக்கே தாலி கட்டப் போறியாடா?”

விசாலாட்சி போட்ட சத்தத்தில் போர்ட் பிளேரின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நாலைந்து ஜன்னல்கள் திறந்துகொண்டன.

“கத்தாதீங்கம்மா. துரு பாத்துட்டிருக்கேன்!” காருக்கு அடியிலிருந்து மகன் ஸ்ரீதர் கத்தினான். தலை மட்டும்தான் உள்ளே போயிருந்தது. தொப்பை இடித்ததால் மீதி ஸ்ரீதர் வெளியே கிடந்தான்.

“அதே காசுக்கு உசரமா ஒரு வேன் வருது!”

“வேன்ல போய் எறங்குனா மீன் விக்க வந்தவன்னு நெனப்பாங்க!”

தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகி, கட்டில் பீரோ கார் எல்லாம் விற்றுக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி நடுவில் புகுந்தார். “அம்மா, சென்னையிலேர்ந்து கப்பல்ல வந்த வண்டி. கடக்காத்தே படாம மூடி வெச்சிருந்தேன்.”

போர்ட் பிளேரில் பழைய கார் வாங்குகிறவன் எஞ்சினைக் கேட்கமாட்டான், மைலேஜைக் கேட்கமாட்டான். அடியில் கையை விட்டு, துரு உதிர்கிறதா என்று தடவுவான். ஸ்ரீதரின் கை சுத்தமாக வெளியே வந்தது. அவனுக்கு அது போதும். ஸ்டைலுக்காக கிருஷ்ணமூர்த்தி ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்ததைப் பார்த்து, “ரேஸ் வண்டி மாதிரி இருக்கு” என்று வேறு பூரித்தான். பின்னால் ஓர் இறக்கையும் இருந்தது. சேமிப்பு மொத்தமும் போயிற்று.

விசாலாட்சியின் கவலை வேறு. ஏற்கெனவே மூன்று இடம், பையனைப் பார்த்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று நழுவிவிட்டது. அடுத்த தீவான பாராடாங்கில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசத்தின் மகள் சங்கவியையாவது விட்டுவிடக் கூடாது.

ஞாயிறன்று காட்டு வழியெல்லாம், போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் கார் ஒழுங்காகத்தான் போனது. வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெரிதான் காலை வாரியது. தண்ணீர் வற்றிய நேரம், ஏறும் பலகை செங்குத்தாக நின்றது. முன் சக்கரம் ஃபெரியில், பின் சக்கரம் கரையிலிருந்த ஜெட்டியில், வயிறு நடு விளிம்பில். கார் உட்கார்ந்துவிட்டது.

“அரே பாய், பீச்சே சே தக்கா மாரோ!” பின்னாலிருந்து தள்ளச் சொல்லி ஃபெரிக்காரர் கூவினார். பின்னால் நின்ற பஸ்ஸே காலியானது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் காரின் இறக்கையில் தோளைக் கொடுத்தார்.

“எந்த மடையன்யா இதை வாங்குனது? தவக்களை மாதிரில உக்காந்திருக்கு!”

பட்டுப்புடவையோடு சேற்றில் நின்ற விசாலாட்சி திரும்பிப் பார்த்தாள். செல்போனில் வந்த போட்டோவில் பார்த்த அதே முகம். வருங்காலச் சம்பந்தி! முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த தள்ளில் கார் ஃபெரிக்குள் போனது; இறக்கை சிவப்பிரகாசத்தின் கையிலேயே நின்றுவிட்டது.

அக்கரை சேரும்வரை தாயும் மகனும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வேர்த்தார்கள். என்ன பிரயோஜனம்? கடைக்குச் சரக்கெடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய சிவப்பிரகாசம், தன் வீட்டு வாசலில் இறக்கை இல்லாத சிவப்புக் காரைப் பார்த்தார்.

“ஓஹோ, நீங்கதானா அது?” என்றபடி உட்கார்ந்தார். “தம்பி, இந்த வண்டி இருக்கிற வரைக்கும் எம்பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்து போக முடியாது. வித்துடுங்க. அப்புறம் பேசலாம்.”

“நாளைக்கே வித்துடுறோம், சம்பந்தி!” என்றாள் விசாலாட்சி அவசரமாக. ஸ்ரீதர் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

காபித் தட்டோடு வந்த சங்கவி நின்றாள். “எதுக்கு விக்கணும்? போர்ட் பிளேர் ரோட்டுல ஓடும்ல? எனக்கு அது போதும். பாக்கணும்னா நீங்க பஸ்ல வாங்கப்பா.” பிறகு ஸ்ரீதரிடம், “எனக்கு நல்லா ஓட்ட வரும். சாவி யாருகிட்ட இருக்கும்?”

“உங்ககிட்டதாங்க” என்றான் அவன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஆவணியில் கல்யாணம் ஆனது. மகளைப் பார்க்காமல் இருக்க முடியாத சிவப்பிரகாசம், கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில் வீடு பிடித்தார். தினமும் சாயங்காலம் காபிக்கு டெலானிபூர் வந்துவிடுவார். சம்பந்தியின் உபதேசத்தைச் சகிக்க முடியாத விசாலாட்சி, தை பிறந்ததும் கப்பலேறி சிவகங்கையில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.