‘சந்தோஷம்’ என்ற கோப்பு

காலை பத்து நாற்பதுக்கு நாச்சியா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பின்னால் அவருடைய மருமகள் நுஸ்லா.

சாம்பவி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். மாத்தளை திருகோணமலை வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இந்த ஒற்றை அறையில் ஒன்பது வருடங்களாக விசா விண்ணப்பங்கள் எழுதுகிறாள். வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போகிற பெண்களுக்குத்தான் பெரும்பாலும்.

நாச்சியா ஒரு கடித உறையை விசைப்பலகையின் மேல் போட்டார். திரையில் ஒரே எழுத்து நிற்காமல் ஓடியது.

“வாசிங்க மிஸ்.”

“உக்காருங்க உம்மா.”

“உக்கார வரல்ல. வாசிங்க.”

சாம்பவி உறையை எடுத்தாள். ஓடிய எழுத்துகளை அழித்தாள். பிறகு வாசித்தாள்.

நுஸ்லாவின் விசா நிராகரிக்கப்பட்டிருந்தது. வருமானம் சரி. வீடு சரி. ஆங்கிலப் பரீட்சை சரி. காரணம் இரண்டாம் பக்கத்தில், ஒன்பதாம் பத்தியில் இருந்தது.

திருமணம் நடந்தபோது கணவனின் அருகில் இருந்ததாகவும், அந்தக் கணத்தில் உற்சாகத்தால் வெடித்துவிடும் நிலையில் இருந்ததாகவும் விண்ணப்பதாரி எழுதியிருக்கிறார். நேர்முகத்தில், திருமணம் பள்ளிவாசலில் நடந்தது, தான் வீட்டில் இருந்தேன் என்றார். கொடுக்கப்பட்ட படங்களில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். பதிவில் மணமகளின் தந்தை கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே அவரது கூற்றை நம்புவதற்கில்லை.

சாம்பவி அந்தப் பத்தியை இரண்டு தரம் வாசித்தாள். இரண்டாவது தரம் தேவையில்லை. அந்த வசனம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“இப்ப செல்லுங்க” என்றார் நாச்சியா. “நிக்காஹ் நடந்தது பள்ளியில. அங்க ஆம்பளைங்க மட்டுந்தான். இவ ஊட்டுல, உள்ளறையில. வாப்பா கையெழுத்து வெச்சிட்டு வந்து செல்லித்தான் இவளுக்கே தெரியும், கலியாணம் முடிஞ்சிட்டுன்னு. மாத்தளையில சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா எழுதின?”

சாம்பவியின் பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. வலீமா என்கிற கலியாண விருந்துகள் மூன்றில் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் நுஸ்லாவின் கடிதத்துக்காக அன்று அவள் புதிதாக எதையும் எழுதவில்லை. எடுத்து ஒட்டினாள்.

கணினியில் ஒரு கோப்பு இருந்தது. அதன் பெயர் ‘சந்தோஷம்’. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த காலத்தில் தொடங்கியது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற பட்டியல். ‘ஹேப்பி’க்கு முன்னால் ‘வெரி’ வரும். ‘த்ரில்ட்’டுக்கு முன்னால் வராது, அதற்கு ‘அப்ஸலூட்லி’ வேண்டும். சந்தோஷத்தில் ஒருவர் நிலவுக்கு மேலே இருக்கலாம். சூரியனுக்கு மேலே இருக்க முடியாது. உற்சாகத்தால் வெடிக்கலாம். நிம்மதியால் வெடிக்க முடியாது. ஏன் என்று ஆங்கிலேயரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தவறாகச் சேர்த்தால் மட்டும் உடனே தெரிந்துகொள்வார்கள்.

விசா வேலை தொடங்கிய பிறகு பட்டியலைச் சந்தர்ப்பவாரியாகப் பிரித்தாள். முதல் தொலைபேசி, முதல் சந்திப்பு, நிச்சயம், கலியாணம், விமான நிலையம், காத்திருப்பு. கலியாணத்தின் கீழ் இருந்த வசனம் வாகினி என்ற பெண்ணுக்காக எழுதியது. வாகினியின் கலியாணம் கோயிலில் நடந்தது. அவள் கணவனின் அருகில்தான் இருந்தாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு பெண்கள் அதே வசனத்தின் கீழ் கையெழுத்திட்டிருந்தார்கள். நுஸ்லா சாம்பவியிடம் வந்த இரண்டாவது முஸ்லிம் பெண். முதலாமவள் கலியாணத்தைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு வந்தாள்.

“வெடிக்கிறதுன்னா என்ன மிஸ்?” என்றார் நாச்சியா. “எண்ட மருமகள் என்ன பட்டாசா?”

“இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றது வழக்கம் உம்மா. பர்ஸ்டிங் வித் எக்ஸைட்மென்ட்.”

“எல்லாப் பொண்ணுக்கும் வழக்கமா? எங்கட ஊட்டுக்கு ரெண்டு ஊடு தள்ளி தங்கேஸ்வரிட ஊடு. அவட மகள் வாகினிக்கும் நீங்கதானே எழுதின. நேத்து நான் அவட கடிதத்தயும் வாங்கிப் பார்த்த. அவளும் வெடிச்சீக்கிறா. ஸ்கூல்ல எல்லாப் புள்ளைக்கும் ஒரே வெள்ளத் துணி பங்கிட்ற மாதிரி பங்கிட்டீக்கிறீங்க.”

“வாகினிக்கு விசா கெடச்சிச்சு.”

“அவ மாப்புளக்குப் பக்கத்துல ஈந்தா. கெடச்சிச்சு.”

நுஸ்லா கதவருகில் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கீழே ரத்தோட்டை பஸ்காரன் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான்.

நாச்சியா இன்னொரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதைக் கடிதத்தின் மேல் வைத்தார்.

“எங்கட அம்ஹர் எழுதித் தந்த. வக்கீல் ஒருத்தர்ட வேல செய்யிறான். இதுல கையெழுத்து வைங்க. பதில் குடுக்க இருபத்தெட்டு நாள். நாலு நாள் போயிட்டு. எண்ட மகன் ரிஸ்வி லண்டன்ல ரெண்டு பேருக்குன்னு எடுத்த ரூம்ல ஏழு மாசமா தனிய ஈக்கிறான்.”

சாம்பவி வாசித்தாள். குறித்த வசனம் விண்ணப்பதாரிக்குத் தெரியாமல் தன்னால் சேர்க்கப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே அவளுடைய பெயர், அலுவலக முகவரி, புள்ளியிட்ட கோடு.

“இதுல கையெழுத்து வெக்க ஏலாது.”

“ஏன்?”

“வெச்சா நாளைக்கு என் பேர்ல போன எல்லா ஃபைலையும் எடுத்துப் பாப்பாங்க. இனிப் போறதயும் நம்ப மாட்டாங்க. நான் இந்தக் கதவப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“பூட்டுங்க. பொய் எழுதுற கடை தெறந்து ஈந்தா என்ன, பூட்டி ஈந்தா என்ன?”

“உம்மா, மரியாதையாப் பேசுங்க.”

“மரியாதையாத்தான் ஒங்கள மிஸ்ன்னு செல்றேன்.”

சாம்பவி அந்தத் தாளைத் திருப்பி, நாச்சியாவின் பக்கமாகத் தள்ளினாள். விரலால் ஒரு சொல்லைத் தொட்டாள்.

“தெரியாமன்னு இருக்கு இதுல. தெரியாமலா? நுஸ்லா, நீங்க சொல்லுங்க. நான் எழுதின லெட்டர ரெண்டு நாள் வீட்டுக்குக் கொண்டு போனீங்க. வாசிச்சிட்டுத்தானே கையெழுத்து வெச்சீங்க?”

நாச்சியா திரும்பவில்லை. “அவள இழுக்காதீங்க.”

“அவங்க அலுவிகாரையில வாசனைத் திரவியத் தோட்டத்துல வெள்ளக்காரங்களுக்கு நாள் பூரா இங்கிலீஷ்ல வெளக்கம் சொல்றவங்க. ஒரு வசனம் வெளங்காதா?”

“வாசிச்சேன்” என்றாள் நுஸ்லா.

இப்போது நாச்சியா திரும்பினார்.

“வாசிச்சியா?”

“ஓம் மாமி.”

“பக்கத்துல ஈந்தேன்னு எழுதீக்கிறத வாசிச்சிட்டு, கையெழுத்து வெச்சியா?”

“அந்த வசனத்துல ஒண்ணும் உண்மைக்கு எழுதினதுன்னு நெனக்கல்ல.”

“என்னடி பேசுற?”

நுஸ்லா கைப்பையைத் தோளுக்கு மாற்றினாள். அவள் குரல் உயரவில்லை.

“தோட்டத்துக்கு வர்றவங்க அப்படித்தான் மாமி. ஒரு ஏலக்காய நசுக்கி மூக்குக்கிட்ட புடிச்சா, அப்ஸலூட்லி இன் லவ்ன்னு சொல்றாங்க. மொளகுக் கொடியக் கண்டா நிலாவுக்கு மேல நிக்கிறாங்க. கறுவாப்பட்டைக்கும் அழுதுடுவேன்ங்கிறாங்க. பத்து நிமிஷத்துல பஸ்ல ஏறி, அடுத்த எடத்துக்குப் போறாங்க. இங்கிலீஷ்ல அதெல்லாம் சும்மா சொல்றதுன்னு நெனச்சேன். லெட்டருக்குக் கீழ யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலின்னு போடுறோமே. அது மாதிரி ஒண்ணு.”

நாச்சியா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விசாக்காரனுக்கு அது சும்மாவா படல்லயே” என்றார்.

“இல்ல.”

“அப்ப நீயும் பொய்க்காரி.”

“நான் வெடிச்சேன்னு சொன்னதுக்கு அவங்க விசாவ மறுக்கல்ல மாமி. பக்கத்துல இருந்தேன்னு சொன்னதுக்குத்தான் மறுத்தாங்க. அது இவங்க போட்டது.” நுஸ்லா முதல் தடவையாக சாம்பவியின் முகத்தைப் பார்த்தாள். “வேற ஒரு பொண்ணோட கலியாணத்த எனக்கு ஒட்டினது நீங்க.”

“நீங்க ஒரு கோடு போட்டு வெட்டியிருக்கலாம்.”

“படிச்சவங்க நீங்க.”

“கலியாணம் கட்டினது நீங்க.”

மின்விசிறி அம்ஹரின் தாளை மேசை ஓரம்வரை நகர்த்தியது. நாச்சியா அதைக் கையால் அறைந்து நிறுத்தினார்.

“கடைசியாச் செல்றேன் மிஸ். கையெழுத்து வைங்க. இல்லாட்டி நானே ரெண்டு கடிதத்தயும் ஒண்ணா அனுப்புற. வாகினிடயும் இவளிடயும். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும்.”

சாம்பவி எழுந்தாள். இரும்பு அலுமாரியைத் திறந்தாள். நுஸ்லாவின் கோப்பை எடுக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அதிலிருந்து நான்கு தாள்களை உருவி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நுஸ்லாவுக்கு அந்தத் தாள்கள் என்னவென்று தெரிந்தது.

“அது எதுக்கு மிஸ்?”

“நான் எல்லாருக்கும் ஒரு ஃபோம் குடுக்கிறது உம்மா. தமிழ்ல. பன்னெண்டு கேள்வி. அவங்க கையால நெரப்பணும். அத வெச்சுத்தான் எழுதுவேன். இது உங்க மருமக நெரப்பினது. வாசிக்கிறேன், கேளுங்க.”

“மிஸ்” என்றாள் நுஸ்லா.

சாம்பவி வாசித்தாள். “நாலாவது கேள்வி. முதல் சந்திப்பு. அவர் நீலச் சட்டை போட்டிருந்தார். கொலரில் ஒரு பட்டன் இல்லை. நான் ஊற்றிய தேநீரில் சீனி அதிகம். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். போகும்போது கோப்பையைத் தானே குசினியில் கொண்டுவந்து வைத்தார்.”

“ரிஸ்வி அப்படித்தான்” என்றார் நாச்சியா. குரல் ஒரு கணம் இறங்கியது.

“அஞ்சாவது கேள்வி. திருமண நாள். காலை எட்டு மணியிலிருந்து கரண்ட் இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மழை வந்து பந்தலின் ஒரு மூலை சரிந்தது. முன்னூறு பேர். நான் உள்ளறையில் இருந்தேன். மாமி தந்த மாலை பாரமாக இருந்தது. என் கூட்டாளி றினோஸா விசிறினாள். பதினொன்று இருபதுக்கு வாப்பா வந்து கதவைத் தட்டினார்.”

சாம்பவி நிறுத்தினாள். உள்ளறையில் என்ற சொல் அங்கே தெளிவாக, நீல மையில் இருந்தது. அதை அவள் அப்போதே வாசித்திருந்தாள். நாச்சியாவும் அதைக் கவனித்துவிட்டார்.

“அப்ப அவ உண்மையத்தான் எழுதித் தந்தீக்கிறா” என்றார்.

“ஆமா. அது என் பிழை. இங்க வெச்சு ஒத்துக்கிறேன். எழுத்துல தர மாட்டேன்.” சாம்பவி தாளைப் புரட்டினாள். “ஆறாவது கேள்வி. அப்போது உங்கள் மனம் எப்படி இருந்தது?”

அவள் தாளைத் திருப்பி, நாச்சியாவின் முன்னால் வைத்தாள்.

அந்தக் கேள்விக்குக் கீழே ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தும் வெறுமையாக இருந்தன. முதல் கோட்டின் தொடக்கத்தில் ஒரு மைப் புள்ளி. பேனாவை அங்கே ஊன்றி, நெடுநேரம் வைத்திருந்து, எடுத்திருந்தாள்.

“நான் கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டு தரம். நீங்களே நல்லதா ஒண்ணு போடுங்க மிஸ்ன்னாங்க. நல்லதா ஒண்ணு போட்டேன்.”

“இத ஏன் இப்ப காட்டுறீங்க?” என்றாள் நுஸ்லா.

“உங்க மாமி என் கையெழுத்தக் கேக்கிறாங்க. உங்க கையெழுத்தயும் பாக்கட்டும்.”

நாச்சியா தாளைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தார்.

சாம்பவி நிராகரிப்புக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். “பதினோராவது பத்தி. திருமண நாளப் பத்தி விண்ணப்பதாரி தன்னோட சொந்தச் சொல்லுல புதுசா எழுதிக் குடுத்தா, மறுபடி பாப்போம்னு இருக்கு. அதுதான் வழி. அம்ஹர்ட தாள் இல்ல. அவங்க சொல்லட்டும். நான் அப்படியே மொழிபெயர்க்கிறேன். ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். என் ஃபைலத் தெறக்கவும் மாட்டேன்.”

அவள் புதிய வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவோடு மேசையின் மறுபக்கத்தில் வைத்தாள்.

நுஸ்லா வந்தாள். பேனாவை எடுத்தாள். உட்காரவில்லை. தாளில் தன் பெயரை எழுதினாள். திகதியை எழுதினாள். பள்ளிவாசலின் பெயரை எழுதினாள். உள்ளறை என்று எழுதினாள். பதினொன்று இருபது என்று எழுதினாள். பேனா அங்கே நின்றது.

சாம்பவி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

நாச்சியா அம்ஹரின் தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கண் பேனாவின் முனையை விட்டு அகலவில்லை.

“அண்டைக்கு நான்தான் மொதல்ல உள்ளுக்கு வந்த” என்றார். “தலயக் குனிஞ்சிட்டு ஈந்தாய். நான் வெக்கம்னு நெனச்ச.”

நுஸ்லா நிமிரவில்லை.

“மிஸ் ஒண்ணும் சேர்க்க மாட்டாவாம். நானும் ஒண்ணும் செல்லித்தர மாட்டேன். செல்லு மகள். வாப்பா வந்து முடிஞ்சிட்டுன்னு செல்லின நேரம், ஒனக்கு எப்படி ஈந்திச்சு?”